ஆளில்லாத நிலம்

துப்பாக்கித் தொழிற்சாலையை எப்படியாவது மாநிலத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று தொழில்துறை அதிகாரி மங்கையர்க்கரசி நாயாய் அலைந்துகொண்டிருந்தாள். கம்பெனிக்காரர் தயாளன் நிலம் பார்க்க வந்த அன்று, மலையடிவாரப் பொட்டலைக் காட்டி, "ஒரு ஈ காக்கா கிடையாது சார்" என்றாள். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஜீப்பிலிருந்து தங்கள் புதுத் துப்பாக்கியை எடுத்து, அதன் தாங்குகால்களைத் தரையில் ஊன்றி நிறுத்தி, "இந்த லென்ஸ் வழியா பாருங்க மேடம்" என்றார்.

குனிந்து பார்த்தாள். தொலைவில், எதிர்ச்சரிவில், ஒருவர் ஆட்டின் காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். நெற்றி வியர்வைகூடத் தெரிந்தது. லென்ஸில் வெயில் பட்டு மின்னியிருக்க வேண்டும். அவர் நிமிர்ந்து, நேராக அவளைப் பார்த்தார். பிறகு மெல்ல இரண்டு கைகளையும் தூக்கினார்.

மங்கையர்க்கரசி சட்டென்று தலையை எடுத்தாள். வெறுங்கண்ணுக்கு அங்கே பாறைகள் மட்டுமே இருந்தன.

"யாராச்சும் இருக்காங்களா மேடம்?"

"இல்ல சார்." பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

தயாளன் லென்ஸில் கண்ணை வைத்து, வெகுநேரம் அசையாமல் பார்த்தார். "நீங்க சொன்னது சரிதான். யாருமே இல்ல. ஒரு ரவுண்டு சுட்டுக் காட்டட்டுமா?"

குண்டு உள்ளே ஏறும் ஓசை கேட்டது. அவள் ஓடிப்போய்க் குழலுக்கு முன்னால் நின்றாள்.

"தள்ளுங்க மேடம்" என்றார் தயாளன், சிரிப்பு மாறாமல்.

அவள் எதிர்ச்சரிவை நோக்கி நடக்கத் தொடங்கினாள். முதுகெல்லாம் கூசியது. துப்பாக்கியை இறக்கிவிட்டாரா என்று திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை.