பாலா அண்ணனுக்கு ஒரு கேக்

ஃபிஜித் தீவின் நவுவா பஸ் ஸ்டாண்டில் ருக்மணி இறங்கியபோது ஒரு கையில் கேக் டப்பா, மறுகையில் கனத்த சூட்கேஸ். "இன்னைக்கு எங்க பாலா அண்ணனுக்கு அறுபது வயசு" என்று டாக்ஸிக்காரரிடம் தானாகவே சொன்னாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

காலையில்தான் பாலா அண்ணன் இணையக் குழுவில் ஆற்றின் படத்தைப் போட்டிருந்தார். 'நம்ம ஆறு. இப்போ எடுத்தது.' அதன் கீழே இருநூற்றுப் பதினாறு பிறந்தநாள் வாழ்த்துகள் குவிந்திருந்தன.

'நவுவா நம்ம ஊர்' என்று குழுவுக்குப் பெயர். ஆனால் அதில் நவுவாக்காரர்கள் எல்லாரும் வெளியூரில்தான் இருந்தார்கள். எண்பத்தேழில் ஆட்சி கவிழ்ந்தபோது இந்திய வம்சாவளியினரில் ஒரு கூட்டம் கிளம்பியது, இரண்டாயிரத்தில் இன்னொரு கூட்டம், இரண்டாயிரத்து ஆறில் மிச்சம் மீதி. ஆக்லாந்து, வான்கூவர், சிட்னி என்று சிதறிப் போனார்கள். ஊரை விடாத ஒரே ஆள் பாலசுப்பிரமணி.

யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் முதல் வாழ்த்து அவருடையதுதான். கூடவே ஊரிலிருந்து ஒரு படம் வரும். படித்த பள்ளிக்கூடம், கோயில் வாசல், ஓட்டை விழுந்த தகரக் கூரையோடு அவரவர் பழைய வீடு. வான்கூவரில் ஒருவர் தன் வீட்டு மாமரத்தைப் பார்த்துவிட்டு வேலைக்கே போகவில்லையாம்.

ருக்மணிக்கு மட்டும் அண்ணன் தமிழில் எழுதுவார். குழுவில் மற்றவர்களுக்கு இந்திதான் வரும். கணவர் போனபின் சிட்னியில் அவள் நாலு வருஷமாகத் தனி. தெருப் பெயர் முதல் முழங்கால் வலி வரை எல்லாவற்றையும் அண்ணனுக்கு எழுதித் தள்ளுவாள்.

'பேசாம ஊருக்கே வந்துடவா அண்ணே?' என்று போன மாதம் கேட்டாள்.

'வாங்கம்மா, இது உங்க ஊரு' என்று பதில் வந்தது.

அந்த ஒரு வரிக்கு அவள் வேலையை விட்டாள், சாமான்களை விற்றாள், வாடகை வீட்டைக் காலி செய்தாள். அண்ணனிடம் மட்டும் சொல்லவில்லை. பிறந்தநாளன்று திடீரென்று போய் நிற்க வேண்டும் என்று ஆசை.

ஆனால் ஆசையை அடக்க முடியாமல் டாக்ஸியிலிருந்தே அவரைக் கூப்பிட்டுவிட்டாள்.

"அண்ணே, நவுவாவுக்கு வந்துட்டேன்!"

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உடைந்தது. "எந்த நவுவா?"

"எத்தனை நவுவா இருக்கு? உங்க வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன்."

"ஐயையோ... நான் வீட்டுல இல்லையேம்மா. இந்தக் குளிர்ல நீங்க எதுக்கு அலையறீங்க?"

ருக்மணி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். பாவம், அண்ணனுக்குக் காய்ச்சல் போலிருக்கிறது.

வீட்டுக் கதவைத் திறந்தது வசீத்தி என்ற ஃபிஜிக்காரப் பெண். கேக் டப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. மேஜைமேல் எட்டுத் தட்டுகள் தயாராக இருந்தன.

"வாங்க தீதீ, இந்த வருஷம் நீங்களா?" என்றாள் இந்தியில். "போன வருஷம் வான்கூவர்க்காரர் சாக்லேட் கேக் கொண்டாந்தார். அதுக்கு முந்தி ஆக்லாந்திலேர்ந்து புருஷனும் பொண்டாட்டியும். அது அன்னாசி."

"பாலா அண்ணன் எங்கே?"

"அவர் போய் எட்டு வருஷம் ஆச்சே."

ருக்மணி கேக் டப்பாவை மேஜைமேல் வைத்தாள். "செத்துட்டாரா?"

"சேச்சே! கடைசியா ஆட்சி கவிழ்ந்ததுக்கு அப்புறம் வீட்டை எங்களுக்கு வித்துட்டு வெளிநாடு போயிட்டார். படமெல்லாம் நான்தான் எடுத்து அனுப்புறேன். காலையில ஆத்துப் படம் நல்லா வந்திருந்துச்சா?"

"கேக் கொண்டு வந்தவங்க யாரும் குழுவில இதைச் சொல்லவே இல்லையே!"

"எப்படிச் சொல்வாங்க? அப்புறம் படம் நின்னுபோயிடுமே."

ருக்மணி மறுபடியும் ஃபோனை எடுத்தாள்.

"ஏன் அண்ணே இப்படிப் பண்ணீங்க?"

"தப்புதாம்மா. கிளம்புறப்ப சொல்லத்தான் நினைச்சேன். அன்னைக்குன்னு பார்த்து, 'நீ ஒருத்தனாவது அங்க இருக்கியே'ன்னு அம்பது பேர் எழுதியிருந்தாங்க. வாய் வரல."

"உங்களை நம்பி வீட்டைக் காலி பண்ணி, எல்லாத்தையும் வித்துட்டு வந்து நிக்கிறேன். இனிமே நான் யார்கிட்ட தமிழ் பேசறது?"

அந்தப் பக்கம் அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் வசீத்தி கேக்கை எட்டாக வெட்ட ஆரம்பித்திருந்தாள்.

"சரி, எங்கதான் இருக்கீங்க? அதையாவது சொல்லித் தொலைங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க காலி பண்ணீங்களே, அந்த வீட்டுக்குப் பின்னாடித் தெருவுல."