நாலாம் பக்கத்து நிலவு

பருத்தித்துறையிலிருந்து பஸ் பிடித்து, உடுவிலில் ஞானமுத்து மாஸ்டர் வீட்டுக்கு வந்திருந்தான் இராசநாயகம். அவன் வரையும் துப்பறியும் படக்கதைகளுக்காக யாழ்ப்பாணமே காத்துக் கிடந்தது. புதுப் புத்தகத்தையும் மாஸ்டர் தன் பத்திரிகை விமர்சனத்தில் வானளாவப் புகழ்ந்திருந்தார். ஆனாலும் அவன் வந்தது சண்டை பிடிக்கத்தான்.

“மாஸ்டர், நாலாம் பக்கத்திலை கிணத்துக்குள்ளை நிலவைக் கண்டு கள்ளன் திடுக்கிடுற படம்தான் புத்தகத்தின்ரை உயிர் எண்டு எழுதியிருக்கிறியள். நான் நிலவு கீறவேயில்லை! வாங்கின சனம், நிலவுப் பக்கம் விடுபட்டுப் போச்செண்டு புத்தகத்தைத் திருப்பிக் கொண்டு வருகுது.”

மாஸ்டர் அசையவில்லை.

“கீறின உமக்கு ஞாபகமில்லைப் போலை. அந்த நிலவு இல்லாட்டி உம்மடை கதை வெறும் கள்ளன் பொலிஸ் விளையாட்டு.”

“இந்தாங்கோ, நீங்களே பாருங்கோ!”

நாலாம் பக்கத்தை விரித்து நீட்டினான். மாஸ்டரின் கை புத்தகத்தைத் தாண்டிப் போய் வெறும் காற்றைத் துழாவியது.

“கண் தெரியாமல் போனதை நான் ஊருக்குச் சொல்லேல்லை,” என்றார் மாஸ்டர், குரல் சற்றும் இறங்காமல். “மனிசிதான் படங்களைப் பாத்து எனக்குச் சொல்லுறவ. இஞ்சேரும் தேவமலர், நாலாம் பக்கத்திலை நிலவு இருக்கோ?”

மாஸ்டரின் மனைவி தேவமலர் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். புத்தகத்தை வாங்கி, படத்தை நிதானமாகப் பார்த்தாள்.

“இல்லைத்தான். இருந்திருக்க வேணும், தம்பி.”