ஒற்றைப் பின்னல்

"அந்த ஒற்றைப் பின்னல்தான் அண்ணை என்னைக் காப்பாத்தினது."

ரெக்ஸ்டேல் பேஸ்மென்ட் அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ரஜிதன் சொன்னான். கையில் சிவப்பு றிப்பன் கட்டிய லட்டுப் பெட்டி. அவனுடைய அகதிக் கேஸ் வென்றுவிட்டது.

கேஸுக்கான கதையை எழுதிக் கொடுத்தவர் அந்த அறைக்காரர் கனகசிங்கம். உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர், தனி ஆள். ஊரில் அவர் எழுதிய கதைகளைக் கற்பனை போதாது என்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. கதை எழுதினால் சோறு கிடைக்குமோ என்று அன்று சிரித்த சனம், இந்த மனுசன் எழுதினால் நாடே கிடைக்குது என்று ரொறன்ரோவில் அவர் வாசலில் வந்து நின்றது.

தொண்ணூற்றைந்தில் ஷெல் விழுந்து ரஜிதனின் தங்கை செத்தது உண்மை. அப்போது அவன் கொழும்பில் இருந்தான். தங்கையைப் பற்றிக் கேட்டால் சொல் வராது. நாலு நாள் வந்து அழுதுவிட்டுப் போனான். ஐந்தாம் நாள் கனகசிங்கமே எழுதினார்: ஒரு பக்கம் பின்னி, மறுபக்கம் விரிந்த தலையோடு பிள்ளை முற்றத்தில் கிடந்தாள்.

அந்த ஒரு வரிக்கு அவர் கை ஒரு மணி நேரம் நகரவில்லை. எழுத்தாளர் அல்லவா, யோசிக்கிறார் என்று ரஜிதன் காத்திருந்தான்.

அந்த வரியைக் கேட்டு விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். ரஜிதன் புகழ்ந்துகொண்டே போனான். பிறகுதான் நினைவு வந்தவனாய்க் கேட்டான்.

"உங்கட கேஸ் என்ன மாதிரி, அண்ணை?"

காலையில் வந்த கடிதத்தைக் கனகசிங்கம் நீட்டினார். ரஜிதன் எழுத்துக்கூட்டி வாசித்தான். நிராகரித்திருந்தார்கள். ஒற்றைப் பின்னலோடு கிடந்த பிள்ளையின் கதையை இதே அதிகாரி போன மாதம் இன்னொருவர் வாயால் கேட்டிருக்கிறார், ஆகவே நம்புவதற்கில்லை, நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று இருந்தது.

ரஜிதனுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. ஊருக்கெல்லாம் விதவிதமாக எழுதிக் கொடுத்துவிட்டுத் தனக்கென்று வந்தபோது இப்படியா சோம்பேறித்தனம் பண்ணுவது?

"ஏனண்ணை அதையே திருப்பி எழுதினனீங்கள்? வேற ஒண்டைக் கற்பனை பண்ணியிருக்கலாமே?"

கனகசிங்கம் லட்டுப் பெட்டியின் றிப்பனை அவிழ்த்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கற்பனை வராது, தம்பி" என்றார். "என்ர பிள்ளைக்கு மற்றப் பக்கம் கட்ட றிப்பன் எடுக்க நான் உள்ளுக்குப் போன நேரம்தான் ஷெல் விழுந்தது."