வலது கன்னம்

“போதும் சார். இன்னிக்கு இவ்வளவுதான்” என்று கத்தியை மடக்கி வைத்தார் சலூன்காரர்.

ஹெட்மாஸ்டருக்கு இடது கன்னம் மட்டும்தான் வழித்திருந்தது. வலது கன்னத்தில் சோப்பு நுரை அப்படியே இருந்தது.

பெஞ்சில் அடுத்து காத்திருந்தவர் பேப்பரை இறக்கினார். தெருவில் அவரை எல்லோரும் வக்கீல் என்பார்கள். கோர்ட் வாசலை மிதித்தவரில்லை. வாயால் வந்த பட்டம்.

“ஏன்யா, என்னாச்சு? கரண்ட் போனாலும் நிறுத்தாத ஆளாச்சே நீ.”

சலூன்காரர் திரும்பவில்லை. “சார், இன்னொரு தடவை கன்னத்தை உப்புங்க.”

ஹெட்மாஸ்டர் எரிச்சலோடு உப்பினார். கன்னம் நிற்கவில்லை. வலது கடைவாயில் காற்று கசிந்து, நுரையில் குமிழ் குமிழாக வந்தது.

சலூன்காரர் துண்டால் நுரையைத் துடைத்தார். வாய் அந்தப் பக்கம் லேசாகத் தொங்கியிருந்தது.

“ரெண்டு கையையும் தூக்குங்க.”

“எழ்ன வெழையாட்டு இழு?” என்றார் ஹெட்மாஸ்டர்.

“தூக்குங்க சார்.”

போர்த்தியிருந்த துணிக்குள் இரண்டு கைகளும் எழுந்தன. இடது பக்கம் துணி கூடாரம் போல நின்றது. வலது பக்கம் மெல்லச் சரிந்து மடியில் விழுந்தது.

சலூன்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடி ஸ்டாண்டில் கிடந்த ஹெட்மாஸ்டரின் ஸ்கூட்டர் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

வக்கீலுக்கு இப்போது விஷயம் புரிந்துவிட்டது. போன மாதம் மகளுக்கு இடம் கேட்டுப் போன சலூன்காரரைப் பள்ளி வராந்தாவில் மூன்று மணி நேரம் நிற்க வைத்து, இல்லையென்று அனுப்பியவர் இந்த ஹெட்மாஸ்டர்தான்.

“அதுக்கு இப்படியா பழி வாங்குவ? ஒன்பதரைக்கு அவருக்கு ஸ்கூல்ல இன்ஸ்பெக்‌ஷன். சாவியைக் குடுய்யா.”

“உங்க கார் எங்க நிக்குது?”

“வாசல்ல. எதுக்கு?”

“எடுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“ஒரு கை மரத்துப் போனதுக்கா? ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்திருப்பார். அப்படியே இருந்தாலும் முக்குல கிளினிக் இருக்கே.”

“அங்க ஸ்கேன் இல்ல. இது பக்கவாதம். பேசிட்டே இருந்தா மனுஷன் போயிடுவார். எடுங்க.”

ஹெட்மாஸ்டர் எழப் பார்த்தார். வலது கால் வரவில்லை. நாற்காலியோடு சாய்ந்தவரைச் சலூன்காரர் இடுப்பில் பிடித்துக்கொண்டார்.

அதைப் பார்த்ததும் வக்கீல் பெஞ்சிலிருந்து எழுந்தார். பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். சலூன்காரர் அதைத் தட்டிவிட்டார்.

“தண்ணி கூடாது. விழுங்க முடியாது, புரையேறிடும். சாவி எங்க, கார் சாவி?”

இரண்டு பேருமாகத் தூக்கிக் காரில் படுக்க வைத்தபோது, எதிர் வீட்டிலிருந்து ஹெட்மாஸ்டரின் மனைவி ஓடி வந்தார். கணவரைப் பார்த்தார். கழுத்தில் சலூன் துணி. ஒரு கன்னம் பளபளவென்று, மறு கன்னம் வெள்ளை முள்ளாக.

“ஐயோ, என்ன கோலம் இது?”

“ஏறுங்கம்மா. ஆஸ்பத்திரிக்கு.”

“இப்படியேவா? அங்க பாதிப் பேர் இவர்கிட்ட படிச்சவங்க. வாசல்ல இறங்கும்போதே சிரிப்பாங்க. ரெண்டு நிமிஷம்தானே, அந்தப் பக்கத்தையும் எடுத்துடுப்பா.”

“முடியாதும்மா.”

“உனக்கு அவர் மேல கோவம்னு தெரியும். அதை இப்பவா காட்டணும்?”

சலூன்காரர் கதவை அறைந்து சாத்தினார். “வண்டியை எடுங்க வக்கீலே.”

வழியில் ஹெட்மாஸ்டர் ஏதோ சொல்ல முயன்றார். ஒரு வார்த்தைகூட வார்த்தையாக வரவில்லை. அவர் மனைவி அழத் தொடங்கினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “கடைசியா எப்ப நல்லா இருந்தார்?”

மனைவி விழித்தார். “காலையில காபி குடிச்சார். அப்ப நல்லாத்தான்...”

“ஒன்பது அஞ்சு” என்றார் சலூன்காரர். “இடது கன்னம் வழிக்கும்போது நல்லா உப்பினார். ஒன்பது பத்துக்கு வலது பக்கம் வந்தேன். காத்து நிக்கல.”

டாக்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது முப்பத்தைந்து. அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சர் ஸ்கேன் அறைக்குள் ஓடியது.

யாரும் சிரிக்கவில்லை.

மதியம் டாக்டர் வெளியே வந்தார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நேரத்தோடு போட்டதால் வேலை செய்கிறது, வலது கை விரல்கள் அசைகின்றன, பேச்சும் திரும்பும் என்றார்.

வக்கீல் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். “நான்கூட உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்யா.”

“நீங்க என்னிக்கு சரியா நெனச்சிருக்கீங்க?” என்றார் சலூன்காரர்.

ஹெட்மாஸ்டரின் மனைவி அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“நான் பேசினதை மனசுல வச்சுக்காதப்பா. டாக்டருங்க சொல்றதெல்லாம் உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எங்க படிச்ச?”

சலூன்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

“படிக்கலம்மா. நாலு வருஷம் முன்னாடி என் தம்பிக்கும் இதே மாதிரி காத்து கசிஞ்சது. ‘ஒழுங்கா உப்புடா’ன்னு மண்டையில ஒண்ணு போட்டு, அந்தப் பக்கத்தையும் சுத்தமா வழிச்சு, பவுடர் அடிச்சுத்தான் அனுப்பி வச்சேன்.”