குரலை ஏத்துண்ணா

“இன்னும் கொஞ்சம் குரலை ஏத்துண்ணா.”

பாலமுருகன் இப்படிச் சொன்னதும் ஸ்ரீதருக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஏற்கெனவே பாட்டில் அவன் குரல் மட்டும்தான் இருந்தது. டிரம்ஸ் அடுத்த தெருவில் அடிப்பதுபோல் கேட்டது. கிடாரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

திருத்தணி பஸ் ஸ்டாண்ட் பக்கம், செல்போன் கடை மாடியில் ஸ்ரீதரின் ஸ்டூடியோ. பக்திப் பாட்டு, கட்சிப் பாட்டு, கல்யாண வீடியோ என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்த இடத்துக்கு முதன்முதலாக ஒரு ராக் பாட்டு வந்திருந்தது. பாடியது பாலமுருகன். கிடார் வாசித்தது அவன் கல்லூரித் தோழன் அசோக்குமார். பதிவெல்லாம் முடிந்துவிட்டது. குரலையும் வாத்தியத்தையும் அளவாகக் கலந்து கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பாக்கிதான் ஒரு வாரமாக உயிரை வாங்கியது.

“பாலா, இது ராக் பாட்டுடா. குரலும் வாத்தியமும் தோள்மேல கை போட்டுகினு போவணும். நீ மட்டும் தனியா முன்னால ஓடிகினு கீற.”

“இல்லண்ணா. நேத்து வீட்ல போட்டுப் பார்த்தேன். குரலே கேக்கல.”

“முந்தாநாளும் இதையேதான் சொன்ன. உங்க வீடு இன்னா, ரயில்வே ஸ்டேஷனா?”

பாலமுருகன் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான்.

மூலையில் உட்கார்ந்திருந்த அசோக்குமாருக்குப் பொறுமை போய்விட்டது.

“பல்லவிக்குக் கீழ ஓடுற அந்தக் கிடாருக்காக விரல் தேயத் தேய வாசிச்சேண்ணா. அது பேருக்குக்கூட கேக்கல. இவனுக்கு இவன் குரல் மட்டும் கேட்டா போதும். என் கிடாரை எடுத்துடுங்க, பேரையும் எடுத்துடுங்க!”

கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தடதடவென்று படியிறங்கிப் போய்விட்டான்.

பாலமுருகன் முகம் செத்துப்போனது. ஆனாலும் அவன் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“ஒரே ஒரு தடவ ஏத்திக் கொடுண்ணா.”

இத்தனை வருஷ சிநேகிதம் படியிறங்கிப் போகிறது, துரைக்குக் குரல் ஏற வேண்டுமாம்! ஸ்ரீதர் கடுப்போடு ஏற்றிக் கொடுத்தார்.

ஆனால் மனசு ஆறவில்லை. மறுநாள் காலை அசோக்குமாரை பைக்கில் உட்கார வைத்துக்கொண்டு பாலமுருகனின் ஊரான ஆர்.கே.பேட்டைக்கே கிளம்பிவிட்டார்.

“அவன் வீட்டுக்கே போய் ரெண்டுல ஒண்ணு கேட்டுடலாம், வா.”

“இத்தனை வருஷத்துல என்னை ஒரு தடவகூட வீட்டுக்குக் கூப்ட்டதில்லண்ணா. அப்பவே அவன் புத்தி எனக்குப் புரிஞ்சிருக்கணும்.”

தெருவில் திரும்பும்போதே சத்தம் காதை அடைத்தது. வீட்டுக்கு வீடு விசைத்தறி. பாலமுருகன் வீட்டு வாசலில் நின்று “பாலா!” என்று கத்தினான் அசோக்குமார். அவன் கத்தியது அவனுக்கே கேட்கவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தார்கள். இரண்டு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் நடுவே பாலமுருகனின் அம்மா சந்திரா, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தபடி, அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். சுவரில் ஆணியில் தொங்கிய ஸ்பீக்கரில் அவர்கள் பாட்டு. டிரம்ஸும் கிடாரும் தறிச் சத்தத்தில் அப்படியே கரைந்துபோயின. குரல் மட்டும் தப்பித்து வந்தது. சந்திராவின் உதடுகள் அந்த வரிகளைக் கூடவே சொல்லிக்கொண்டிருந்தன.

பாலமுருகன் அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் ஆளைக் கண்டதும் ஓடிவந்து, இருவரையும் பக்கத்தில் இழுத்துக் காதருகே கத்தினான்.

“தறி நின்னா அம்மா அசந்து தூங்கிடுவாங்கண்ணா. ஓடுற நேரத்துலதான் முழிச்சிகினு இருப்பாங்க. நான் பாட்டு பாட்டுனு சுத்துறேன், இதுவரைக்கும் ஒரு பாட்டுகூட அவங்க காதுல விழுந்ததில்ல. இன்னைக்குத்தான், வார்த்தை புரியுதுன்னு தலையாட்டுனாங்க.”

“இதை முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடா?”

“உங்க வீடெல்லாம் வேற மாதிரிண்ணா... கூச்சமா இருந்திச்சி.”

நேற்று அசோக்குமார் என்னவெல்லாம் பேசிவிட்டான்.

“அண்ணா, என் கிடாரை இன்னும் கொறைச்சிடுங்க” என்று அவனும் கத்தினான்.

அதற்குள் சந்திரா அவர்களைப் பார்த்துவிட்டார். கரண்ட் போனால் தவிர நிற்காத தறிகள் இரண்டையும் அவரே நிறுத்தினார். வீடு சட்டென்று அமைதியானது. பாலமுருகனின் குரலுக்கு அடியில், இப்போது மெலிசாக அந்தக் கிடார் கேட்டது.

“வாங்கப்பா” என்று சொல்ல வந்தவர், பாதியில் நிறுத்தி, ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோனார். பிறகு மகனிடம் திரும்பினார்.

“ஏண்டா, இவ்ளோ நல்லா வாசிச்சிகினு கீதே, யாரு பெத்த புள்ளடா அது? அவங்க அம்மாவுக்கும் கேக்க வேணாமா? அதையும் கொஞ்சம் ஏத்தச் சொல்லுடா!”