படிக்கத் தெரிந்த ஒருத்தி

விமானம் தானாகவே பறக்கும். ஆனாலும் விமானி அறையில் கருவிகளைப் படிக்கத் தெரிந்த ஒரு மனிதர் இருந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். அந்த வேலைக்காகச் செண்பகவல்லி மூன்று மாதம் மாடாய் உழைத்து வேகமானியும் உயரமானியும் பார்க்கக் கற்றாள். முள் காட்டுவதைப் பிழையில்லாமல் சொன்னால், "சரியாகப் படித்தீர்கள்" என்று பயிற்சி இயந்திரம் பாராட்டும்.

"பிடிச்சு ஓட்ட ஒண்ணுமே இல்லையே சார்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பாத்துச் சொன்னாப் போதும்மா. மத்ததை அது பாத்துக்கும்," என்றார் அதிகாரி.

வேலையில் சேர்ந்தபின் ஒருநாள், விமானம் மதுரையைத் தாண்டியதும் உயரமானி முள் மளமளவென்று இறங்கத் தொடங்கியது. பின்னால் நூற்றெண்பது பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"நாலாயிரம் அடி. மூவாயிரம். கீழ போகுது, ஏதாவது பண்ணு," என்று விமானத்திடம் கத்தினாள்.

எதிரே மலை தெரிந்தது. பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் அவள் கை இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டது.

"ரெண்டாயிரம்."

"சரியாகப் படித்தீர்கள்," என்றது விமானம்.