உள்ளங்கைச் சுவர்

மணிக்கட்டில் மஞ்சள் பட்டையைக் கட்டிவிட்டார்கள்.

இனி அவனும் பார்வையாளன்.

கூட்டத்தில் எல்லோர் கையிலும் அதே பட்டை. தொப்பி, தண்ணீர் பாட்டில், கேமரா. அவன் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தான். முகக்கவசம் போட்டிருந்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

வழிகாட்டிப் பெண் நிவேதிதா பின்பக்கமாக நடந்துகொண்டே பேசினாள். ஆற்றோரத்திலிருந்து கொண்டுவந்து இறக்கப்பட்ட சனங்களுக்குக் கட்டிய வீடுகள் இவை என்றாள். முன்பெல்லாம் இந்தப் பக்கம் ஆட்டோகூட வராதாம். இப்போது சுவர் ஓவியங்களை வெளிநாட்டிலிருந்து வந்து பார்க்கிறார்களாம்.

முதல் சுவரில் ஒரு திமிங்கிலம். அதன் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜன்னல். ஜன்னலில் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் அவரையும் சேர்த்துப் படம் எடுத்தது.

அவர் நுரையைத் துப்பிவிட்டு உள்ளே போனார்.

அவன் எதையும் எடுக்கவில்லை. அவனுக்கு இந்தச் சுவர்களைத் தெரியும். மாமியார் வீட்டுக்கு வந்த காலத்தில் இவற்றில் பாசி மட்டும்தான் இருந்தது.

நான்கு வருடங்களுக்கு முன்பு அவன் ஒரு கதவை உடைத்தான். குடித்திருந்தான். கதவுக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். மனைவி கல்பனா. அவள் இடுப்பில் மூன்று வயது மகள்.

மறுநாளே இருவரும் இங்கே வந்துவிட்டார்கள்.

தெருவுக்குள் கால் வைத்தால் காலை எடுத்துவிடுவதாக மச்சான் ஜெகன் சொல்லியனுப்பினான். சும்மா சொல்கிற ஆள் இல்லை. மகளைப் பார்க்க ஒரு தடவை வந்த இவன், தோளில் தையலோடு திரும்பினான்.

மகளுக்குத் தன்னை ஞாபகம் இருக்கிறதா. அது மட்டும் அவனுக்குத் தெரிய வேண்டும். டிக்கெட் எடுத்தது அதற்குத்தான்.

டீக்கடை வாசலில் ஜெகன் கேரம் ஆடிக்கொண்டிருந்தான்.

கூட்டத்தின் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். பார்வை அவன் கைப்பட்டையில் விழுந்தது. முகம்வரை ஏறவில்லை.

"ஓரமா வாங்க சார். தண்ணி லாரி வருது."

அவன் ஓரமாகப் போனான். ஜெகன் அவனை சார் என்று கூப்பிட்டதே இல்லை. கல்யாணத்தன்றைக்குக்கூட யோவ்தான்.

அடுத்த திருப்பத்தில் ஒரு சுவர் முழுக்கக் கை.

ஒரே ஒரு கை. உள்ளங்கை மட்டும் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் விரிந்திருந்தது. அதன் முன்னால் நின்று பிள்ளைகள் குதிப்பார்கள். கால் எழும்பிய நொடியில் எடுத்தால், கை அவர்களைத் தாங்கியிருப்பதுபோல் படம் விழும்.

பார்வையாளர்கள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஆளுக்கொரு பக்கம் ஓடிவந்தார்கள்.

அவன் முன்னால் ஒருத்தி வந்து நின்றாள்.

தாடையில் தழும்பு. அன்றைக்கு உடைந்த கதவின் சிலாம்பு கிழித்த இடம்.

அவன் முகக்கவசத்தைக் கீழே இறக்கினான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவன் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"நான் குதிக்கிறப்ப அமுக்கணும் அங்கிள். முன்னாடியே அமுக்கிட்டா கால் தரையில தெரியும்."

தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

போன் மட்டும் கையில் தூக்கியபடி இருந்தது. நிவேதிதா அருகே வந்தாள். பிள்ளைகளைப் படம் எடுப்பதானால் வீட்டில் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும், அது இங்கே வழக்கம் என்றாள். சிறுமியிடம் குனிந்து, மோனிஷா, அப்பா இருக்கிறாரா என்று கேட்டாள்.

"அப்பாலாம் இல்லக்கா. அம்மா மேல இருக்குது."

வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை என்று சொல்வதுபோல் சொன்னாள்.

நிவேதிதா அண்ணாந்து குரல் கொடுத்தாள். மூன்றாம் மாடி ஜன்னலுக்குக் கல்பனா வந்தாள். கையில் பிழிந்த துணி. இந்த சார் பாப்பாவை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று நிவேதிதா கேட்டாள்.

கல்பனா குனிந்து பார்த்தாள்.

முகக்கவசத்தை ஏற்றிக்கொள்ள அவனுக்குக் கை எழவில்லை.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். துணி சொட்டியது. திருப்பத்துக்கு அந்தப் பக்கம் கேரம் காய்கள் மோதும் சத்தம் இங்கேவரை கேட்டது. தம்பி ஜெகனின் பெயரை அவள் ஒரு தடவை சொன்னால் போதும்.

அவள் நிவேதிதாவிடம்தான் பேசினாள்.

"ஒண்ணு எடுத்துக்கட்டும். எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

மோனிஷா குதித்தாள்.

அவன் அமுக்கவில்லை.

அவள் ஓடிவந்து திரையை எட்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. திரும்பிப் போய் நின்றாள். குதித்தாள். சடை பறந்தது. பாவாடை குடையாக விரிந்தது.

அவன் அமுக்கவில்லை.

மறுபடி.

மறுபடி.

எடுத்துவிட்டால் போக வேண்டும். கூட்டத்தில் பாதி அடுத்த சுவருக்கு நகர்ந்துவிட்டது. மேலே கல்பனா அசையவில்லை.

மோனிஷாவுக்கு மூச்சு வாங்கியது. இடுப்பில் கைவைத்து அவனைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை.

"உங்களுக்கு வரல அங்கிள்."

பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். மோனிஷா அவளிடம் போனாள். சொல்லிக்கொடுத்தாள். திரும்ப வந்து சுவருக்கு முன்னால் நின்றாள். குதித்தாள்.

முதல் தடவையிலேயே படம் விழுந்துவிட்டது. கை நிறையப் பிள்ளை.

மோனிஷா படத்தைப் பார்த்துச் சிரித்தாள். வாயருகே கைகளைக் குவித்து, மூன்றாம் மாடிக்குக் கத்தினாள்.

"அம்மா, எடுத்தாச்சு."

கல்பனா மகளைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.